ஹாரனில் வந்த மன்னிப்பு

நேற்று நம் பழைய ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, சுவிட்சைப் போட்டேன். சூடேறியதும் தூசி கருகும் வாசனை வந்தது. கூடவே, என்னோடு தொழில் பார்த்த கூட்டாளி நீயும் வந்துவிட்டாய், தம்பி. நாம் திண்டிவனத்தில் மைக் செட் போட்டால் மரக்காணத்தில் கடல் காதைப் பொத்திக்கொள்ளும் என்று இன்றும் சொல்லித் திரிகிறேன். நீ இருந்திருந்தால், "போன வாரம் மயிலம் வரைக்கும்னு சொன்ன. இப்ப கடலாண்ட பூட்டியாண்ணே?" என்று இடித்திருப்பாய்.

பிரம்மதேசம் பக்கத்து ஊர் ஆடித் திருவிழா. கூழ் ஊற்றும் அறிவிப்பை முடித்த விழாத் தலைவர், மைக்கை அணைக்காமலே, "கோயில் செவுத்துல எவன்டா வயரு கட்னது?" என்று கத்தி, உன் சாதியின் மேல் எறியும் அந்த வசவால் உன்னைக் கூப்பிட்டார். மரத்தில் நீ கட்டிய ஹாரன் ஸ்பீக்கர்களே அதை ஊர் முழுக்கக் கூவின.

"அதே மைக்ல மன்னிப்புக் கேக்கட்டும். இல்லாட்டி செட்ட அவுத்துக்கினு போயிடுவேன்" என்றாய். கேட்டார். பணிவாகத்தான் கேட்டார்.

"தம்பிய நான் '……'ன்னு கூப்ட்டது தப்புங்க. அவரு '……' மாதிரியா இருக்காரு?"

புள்ளி வைத்த இடங்களில் அவர் முழுசாகவே சொன்னார். கூட்டம் கைதட்டியது. நீ வயரைப் பிடுங்கினாய்.

"அதான் மன்னிப்புக் கேட்டாரேப்பா!" என்றது கூட்டம்.

"அதையே சொல்லிக்கினு கேட்டாருங்க. நான் அது மாதிரி இல்லியாம். அப்ப எங்கம்மா மட்டும் அது மாதிரியா?"

அதன்பின் அந்தப் பக்கத்து ஊர் எதுவும் நம்மைக் கூப்பிடவில்லை. அவர்கள் கணக்கில் வைதவர் பெரிய மனுஷர். நீ திமிர் பிடித்தவன்.

நான் பத்தாவது தாண்டாதவன்தான். ஆனால் விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு பேராசிரியரையே மடக்கியிருக்கிறேன். வசவில் சுடுவது சொல் அல்ல, சொல்பவன் மனதிலுள்ள வெறுப்புதான் என்றார். உன் கதையைச் சொல்லி, "மன்னிப்புக் கேட்டவர் மனதில் அப்போது வெறுப்பு இல்லையே, அது ஏன் சுட்டது?" என்றேன். ரயில் ஏறிவிட்டார். நானே சொல்கிறேன்: 'இல்லை' என்று மறுத்தாலும், 'தப்பு' என்று வருந்தினாலும், அந்தச் சொல் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு முன் அதைச் சொன்ன வாய்கள் அத்தனையும் அதற்குள் நின்று சேர்ந்து கூவுகின்றன.

உன் படத்திறப்புக்கும் அந்தத் தலைவர் வந்தார். நம் மைக்கைப் பிடித்து, "அவரு பொறப்பப் பாக்காதீங்க, தங்கமான மனுஷன். அவரப் போயி யாராச்சும்…" என்று ஆரம்பித்தார். அடுத்து எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். சுவிட்சை அணைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று கூசாமல் புளுகினேன்.

எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்பவன் நான். இந்த மடலில் ஒரே ஒரு சொல்லைக் குறைத்திருக்கிறேன். இப்போதும் யார் மைக்கைப் பிடித்தாலும், என் கட்டைவிரல் சுவிட்சின் மேலேயே இருக்கிறது.