இழுப்பறையில் பதினொரு மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார், மீதிப் பாதியை இவளே குறைத்துக்கொண்டுவிட்டாள். நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்குத் தோளில் இறுக்கம், சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஃபேன் அத்தை பேச்சு வந்தபோது நீ, "விடுங்கப்பா, நீங்க உங்க வேலையைத்தானே செஞ்சீங்க" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய். அந்த வார்த்தை நாலு நாளாக என்னை விடமாட்டேன் என்கிறது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய், கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உனக்கு முழுசாகத் தெரியாது. பம்ப் ரூம் பக்கத்தில் ஈரச் சுவரோடு ஒட்டிய அந்த ஆபீஸ் உனக்கு வீட்டுப்பாடம் எழுதிய இடம், அவ்வளவுதான். குடியிருப்பின் நாலு கட்டிடத்திலும் என்னை "ஃபார்ம் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குறைந்த வாடகையில் அரசாங்க வீட்டில் இருக்கிற குடும்பங்கள் ஐந்து வருடத்துக்குள் யார் தயவும் இல்லாமல் நிற்க வேண்டும், அதற்குப் பெயர் சொந்தக்கால் திட்டம். பயிற்சி நிலையத்தில் இடம், பேங்கில் கடன், பிள்ளைகளை விடக் காப்பகம், இதெல்லாம் வேறு வேறு ஆட்களிடம் இருக்கும், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொருவரிடமும் கொண்டு விடுவது என் வேலை. நானாக எதையும் கொடுத்ததில்லை, வாக்கைத் தவிர.

ஏழாவது மாடி ஃபேன் அத்தைக்கு அந்தப் பேர் வைத்ததே நீதான். நம் வீட்டு விசிறியை அவள் பிரித்துப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுப்பாய். அப்போது அவள் ஆபீஸ்களில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள், ரிப்பேர் எல்லாம் கைப்பழக்கம். நீ ஊரைவிட்டுப் போன வருடம் நான்தான் விடாமல் சொல்லித் திட்டத்தில் சேர்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வீட்டுக்கு எதுவும் ஆகாதே சார்?" நான் சொன்னேன், "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல." அன்றைக்கு அது பொய்யில்லை. வருமானம் கூடினால் வாடகை கொஞ்சம் கூடும், வீடு அவர்களுக்கே, அதுதான் அன்றைய விதி. ஆறு மாதம் பயிற்சி, கடனில் கருவிகள், மூன்றாம் வருடம் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். அவள் ஹாலில் நடக்க இடமிருக்காது, மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும், நாலு கட்டிடத்து ஜனமும் லிஃப்டில் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் நிற்கும். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன அவள் வீட்டுக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுப்பார், பெரிய கம்பெனி மேனேஜர் தோற்றார்.

அப்புறம்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வருமானம் வரம்பைத் தாண்டினால் தொண்ணூறு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும், திட்டத்தில் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் ஒருங்கிணைப்பாளர் உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் என்றால் நான். நான் அதைப் படித்தேன், இரண்டாக மடித்தேன், மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த வருடம் என் கணக்கில் ஆறு குடும்பம் வருமான வரம்பைத் தாண்டித் தேற வேண்டும். ஐந்து தேறியிருந்தது, அதெல்லாம் விதி மாறுவதற்கு முன்பே முடிந்த கதை. ஆறாவது அவள். சொன்னால் என்ன செய்வாள், புத்தியுள்ள யாரும் செய்வதைச் செய்வாள், பாதி வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டு வரம்புக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள், என் கட்டம் காலியாக நிற்கும். எப்படியும் விலக்கு வரும், மேலிடத்தில் அவ்வளவு கல்நெஞ்சமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொரு மாதம் அது இழுப்பறையில் கிடந்தது பாப்பா. தினமும் ரப்பர் ஸ்டாம்ப் எடுக்கும்போது அதன் விளிம்பு கையில் படும். பன்னிரண்டாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து நேராக அவள் பேருக்கே நோட்டீஸ் வந்தது. அவள் அதை நீட்டியபோது எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை வீட்டில் உன் அம்மாகூடக் கண்டுபிடிக்கவில்லை. இதைத்தான் நீ என் வேலை என்றாய்.

போனார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற இடம், மூன்று மடங்கு வாடகை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் அவளுக்குச் சான்றிதழ்தான் கொடுத்தோம், பிழைப்பைக் கொடுத்தது அந்த நாலு கட்டிடம். கெட்டுப்போன மிக்ஸியைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் ஏற யார் வருவார்கள்? ஐந்தே மாதத்தில் கருவிகளை விற்றுவிட்டு மறுபடியும் துடைப்பத்துக்கே போய்விட்டாள். அதே சமயம் இங்கே விழா எடுத்தார்கள், ஆண்டறிக்கையின் அட்டையில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம், எனக்கு ஒரு கேடயம். அம்மா போனில் காட்டினாளே, நீகூடக் கைதட்டினாயே, அதேதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் காலையில் டோக்கன் வரிசையில் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவள். வீட்டுக்குப் புது விண்ணப்பம் போட வந்திருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பழைய ஃபார்மையே எடுங்க சார், தேதியை மட்டும் மாத்திக்கலாம்" என்றாள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே வந்தால் முன்பு அரசுக் குடியிருப்பை விட்டு வெளியேறியதற்குக் காரணம் என்று ஒரு கேள்வி. அவளுக்குப் பொருந்துகிற கட்டம் ஒன்றுதான் அச்சடித்திருந்தது, திட்டத்தில் வெற்றி. டிக் போட்டேன். அவள் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு, "சொந்தக்கால்ல நின்னுட்டோம் சார், எங்க வீட்டுக்காரருக்குத்தான் படி இறங்கக் கால் இல்ல, எட்டு மாசமா தெருவைப் பாக்கல" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, எப்போது வந்தது, ஏன் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைத் தொடக்கூட இல்லை. "தெரியும் சார். வந்த மாசமே பம்ப் ஆபரேட்டர் சொன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி, அது நமக்கு இல்ல போலன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்புறம், "பொண்ணு எப்படி இருக்கா? குழந்தை நடக்குதா?" என்று உன்னை விசாரித்தாள். நடக்கிறது என்றேன். ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் முறை வர நாலு வருடம் ஆகும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், ஃபேன் அத்தையிடம் போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கேட்டா உங்க மனசு ஆறும், அவளுக்கு வீடு வருமா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. அதனால் மன்னிப்பை விட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட்டு எழுதினேன், சுற்றறிக்கையை மறைத்தது நான், முறைப்படி தெரிவிக்காததால் அவளுக்குக் கொடுத்த நோட்டீஸ் செல்லாது, வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று. பத்தே நாளில் பதில், அவர்கள் இவ்வளவு வேகமாக எதற்கும் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. வெற்றி பெற்றதாகப் பதிவான குடும்பத்தை மறுபரிசீலனை செய்ய விதியில் இடமில்லையாம். எனக்குத் தனியாக ஒரு மெமோ. ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிறது, விசாரணை முடியும்வரை பென்ஷன் நிற்கலாம். புது மேலதிகாரி நல்ல பிள்ளை, "லெட்டரை வாபஸ் வாங்கிக்குங்க சார், இதுல யாருக்கு என்ன லாபம்?" என்றான். வாங்கவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதே, வீரம் என்றால் அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாள் ஏழாவது மாடிக்கு லிஃப்ட் ஏறியிருப்பேன். இப்போது திட்டத்தில் சேர வருகிறவர்களுக்கு முதலில் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டுகிறேன். நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள், கேட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இந்த மாதம் சேர்ந்தவர்கள் யாருமில்லை.

நாங்கள் அங்கே வர டிக்கெட் போட வேண்டாம், பென்ஷன் கதை தெரியட்டும், அம்மாவும் வரமாட்டேன் என்கிறாள். பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. குட்டியைப் பல் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள், பெற்றவர்கள் ஆசீர்வாதத்துக்கு மட்டும் இன்னும் யாரும் வரம்பு கட்டவில்லை. மறக்காமல் ஒன்று செய். இந்தத் தாளின் பின்பக்கம் ஃபேன் அத்தையின் நம்பர் எழுதியிருக்கிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாள். கூப்பிட்டுப் பேசு, குழந்தையைப் பேசவிடு. என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையும் சொல்லிவைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா