நாலு கை திருப்பிய வண்டி

அன்புள்ள சிட்டு,

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இங்கே நாங்களும் நலம். நான் நலம், உன் அப்பாவுக்குத் தோள் தவிர மற்றதெல்லாம் நலம், வாய் ரொம்பவே நலம். அன்றைக்கு நீ போனில் 'வண்டிய வித்தாச்சா இல்லையாம்மா' என்று கேட்டபோது அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொண்டிருப்பாய். என்ன செய்ய, நான் போனில் பேச ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று வரிக்கு வரி திருத்துவார், நடந்தது ஒன்றும் சொன்னது ஒன்றும் ஆகிவிடும். அதனால் தையல் மிஷின் மேலேயே காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தைக்க வேண்டிய மெத்தை உறை மலையாகக் கிடக்கிறது, கிடக்கட்டும். விற்றோமா இல்லையா என்று இப்போதே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங் கனத்தைப் பற்றி உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக ஓடும்போது சாது, மெதுவாகத் திருப்பும்போதுதான் உயிரை வாங்கும். அதுவும் நம் தெருமுனையில் சலூனை ஒட்டித் திரும்புகிற அந்த ஒடுக்கமான திருப்பம் உன் அப்பா ஒருவர் கைக்கு என்றைக்குமே அடங்கியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் பாதித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு 'இழு' என்றார். நான் பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன், அவர் அந்தப் பக்கமிருந்து தள்ளினார். அன்றிலிருந்து அப்படித்தான், நாலு கை சேர்ந்தால்தான் வண்டி வீட்டுக்கு வரும். நீ பிறந்த பிறகு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'இழு' என்ற சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வாய், இல்லாவிட்டால் என் முழங்கை உன் மூக்கில் இடிக்கும். பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கிற போட்டியில் எல்லோரும் 'இழு இழு' என்று கத்த, நீ மட்டும் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்து நின்றாயாம், உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதாவது பயமா என்று கேட்டார்கள்.

சரி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வலது தோள் இறுகிப்போனதும், சட்டையை மாட்டக்கூட என்னைக் கூப்பிட வேண்டியதானதும் உனக்குத் தெரியும். டாக்டர் சுற்றி வளைக்காமல், 'ஒண்ணு அந்த ஸ்டீயரிங்க விடுங்க, இல்ல இந்தக் கைய விட்டுடுங்க' என்று சொல்லிவிட்டார். இழுக்கிற பங்கு என் பக்கம் கூடிக்கூடி என் மணிக்கட்டும் வீங்க ஆரம்பித்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை, இப்போது வற்றிவிட்டது, பதற்றப்படாதே. விற்றுவிட்டு ஒரு சின்ன வேன் வாங்குங்கள் என்று நீ சொன்னதில் தப்பே இல்லை, நானும் அதைத்தான் நினைத்தேன். வாங்க ஆளும் வந்தார், மெயின் ரோட்டில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறவர், நல்ல மனிதர்தான், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். என்ஜினைக் கழற்றி வீசிவிட்டு, வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, பின்னால் மண் கொட்டிப் பூச்செடி வளர்க்கப் போகிறாராம், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். உன் அப்பா 'பார்க்கலாம்' என்றார், அவ்வளவுதான். மாதக் கடைசியில் வந்து இழுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றைக்கு அடங்கியது உன் அப்பாவின் சத்தம். காலையில் எழுந்து வண்டியைத் துடைப்பார், துடைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங் மேல் பேப்பரை விரித்துப் படிப்பார். கடைகளுக்கு மெத்தைகளை வாடகை வண்டியில் அனுப்பினோம், அங்கே நின்று அரட்டை அடித்துவிட்டு வருவதெல்லாம் நின்றுபோயிற்று. பொழுது போகாமல் அடுப்படிக்கு வந்து என் டப்பாக்களை உயரப்படி அடுக்கி வைத்தார், உப்பைத் தேடியே எனக்குப் பாதி நாள் போயிற்று. சிரிக்கத்தான் செய்தேன், ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது சிட்டு. வண்டிக்காகப் பயப்படவில்லை. வேலை என்று வெளியே போய் நாலு பேரைப் பார்த்து வந்த மனிதரை இப்படியே உட்கார வைத்தால் சீக்கிரமே படுத்துவிடுவார் என்று தோன்றியது. வண்டி போனால் அவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார் என்று பட்டது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம்தான் லேத் பட்டறை வைத்திருக்கிற உன் மாமாவுக்குப் போன் போட்டேன். அவன் வந்து வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, பவர் ஸ்டீயரிங் வைத்துவிடலாம் அக்கா என்றான். உன் அப்பாவா ஒத்துக்கொள்வார், 'அத வெச்சா அது என் வண்டியே இல்ல' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பூச்செடி வெச்சா மட்டும் உங்க வண்டியா' என்று கேட்டேன். சாயங்காலம் போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார், அதுதான் சம்மதம். எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான், என்ஜினோடு சேர்ந்து ஒரு பம்பு பெல்ட்டில் சுற்றும், அது எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் தள்ளும், நாம் சும்மா தொட்டால் போதும், மீதி பலத்தை எண்ணெய் கொடுக்கும். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து ஏதோ ஒரு ஜீப்பின் பம்பையும் பாக்ஸையும் மாமா கொண்டுவந்தான். பம்பு நம் என்ஜினில் உட்காரவில்லை என்று லேத்தில் ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து வந்து உட்காரவைத்தான், பெல்ட் கோணலாக ஓடிக் கத்தியது, கழற்றினார்கள், மறுபடி மாட்டினார்கள். எண்ணெய் வடிகட்ட என் டீ வடிகட்டியைக் கேட்காமல் எடுத்துப் போனார்கள், இன்றுவரை அதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மாமா திருகத் திருக 'அப்படி இல்லடா, இப்படி' என்று உன் அப்பா அதட்டுகிற சத்தம் முற்றத்தில் கேட்டபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்ததும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சோதித்தார்கள். அப்பா சீட்டில், மாமா வண்டிக்கு எதிரே அதன் முகத்தைப் பார்த்தபடி. அப்பா இடது பக்கம் ஒடித்து 'இடது' என்றார், மாமா டயரைப் பார்த்து 'இடதுதான் மச்சான்' என்றான். வலது என்றார், வலதுதான் என்றான். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். ஜாக்கியை இறக்கி, கேட்டு வழியாக வெளியே போக வண்டியை எடுத்தார். கேட்டு இருந்தது இடது பக்கம், அதனால் இடது பக்கம் ஒடித்தார், வண்டி வலது பக்கம் போயிற்று. பதறிப்போய் இன்னும் பலமாக ஒடித்தார், அது இன்னும் ஆசையாக வலது பக்கம் போய், வெயிலில் அடுக்கி வைத்திருந்த மெத்தைக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. நல்லவேளை, நாம் செங்கல் வியாபாரம் செய்யவில்லை. நடந்தது என்னவென்றால், அந்த ஜீப்பில் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் தள்ளுகிற இரும்புக் கை ஒரு திசையில் வேலை செய்யும், நம் வண்டியில் அதற்கு நேர் எதிர்த் திசை. மாமாவோ எதிரே நின்றுகொண்டு தன் இடது கைப் பக்கத்தைத்தான் இடது என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் தையல் மிஷினை விட்டு ஓடி வந்தால் உன் அப்பா சீட்டிலிருந்து இறங்காமல், 'பரவால்ல, பழகிக்கலாம்' என்கிறார். அத்தோடு விட்டாரா, மறுநாள் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்கிறார், தட்டை இடது பக்கம் திருப்பி வலது பக்கம் நடப்பது, வலது பக்கம் திருப்பி இடது பக்கம் நடப்பது. தட்டைப் பிடுங்கி அதிலேயே சோற்றைப் போட்டு உட்கார வைத்தேன். மாமா பாக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு பாக்ஸ் தேடப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாப்பாட்டுக் கடைக்காரர் கட்டி இழுக்கிற வண்டியோடு வந்து நின்றார். நம் வண்டி எப்படி நிற்கிறது, ஸ்டீயரிங் பாக்ஸ் இல்லாமல், தரையில் எண்ணெய் சொட்ட, பரிதாபமாக நிற்கிறது. இதோடு கதை முடிந்தது என்றே நினைத்தேன், ஏனென்றால் உன் அப்பா யாரிடமும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகாதவர், மெத்தைக்கு விலை குறைத்துக் கேட்கிறவர்களிடமே சொல்ல மாட்டார். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, 'ஸ்டீயரிங் இல்லாட்டி என்னங்க, எனக்கு எதுக்கு ஸ்டீயரிங், நிறுத்தத்தானே போறேன்' என்று சாதாரணமாகச் சொன்னார். உன் அப்பா கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார், அப்புறம் 'எனக்கு வேணுங்க' என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளே போய் அந்தக் கடைக்காரருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தேன், வடிகட்டி இல்லாததால் தூளோடு குடித்தார், பாவம். வாசலுக்குப் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் கிடைத்தாலும் அழகாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு சரியான பாக்ஸ் கிடைத்தது. இந்தத் தடவை மாமா வண்டிக்குப் பின்னால் போய் நின்று, வண்டி பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு, கையில் இடது வலது என்று பேனாவால் எழுதிக்கொண்டு சோதித்தான். எல்லாம் சரி. மெத்தை ஏற்றி நானும் அவருமாகக் கொண்டுபோய் இறக்கினோம், உன் அப்பா ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையின் விரலால் ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறார், இடையிடையே என்னைப் பார்க்கிறார், நான் பார்த்தேனா என்று பார்க்கிறார். திரும்பி வரும்போது தெருமுனை வந்தது. பழக்கம் விடுமா, 'இழு' என்றார், நானும் யோசிக்காமல் சாய்ந்து பலமாக இழுத்தேன், அவரும் தள்ளினார். எண்ணெய் வேறு தன் பங்குக்குத் தள்ளியது. வண்டி சுழன்று நடைபாதை மேல் ஏறி சலூன் பெஞ்சை முட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை, பெஞ்சில் ஆள் இல்லை. கத்தியைப் பிடித்தபடி சலூன்காரரும் பாதி முகத்தில் நுரையோடு இன்னொருவரும் வெளியே வந்து எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் நாலு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். பெஞ்சின் காலை உன் மாமா சரிசெய்து கொடுத்துவிட்டான்.

இப்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா தினமும் வண்டி எடுக்கிறார், தோள் வலி குறைந்திருக்கிறது, என் டப்பாக்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன, டயர் தடம் பதிந்த மெத்தையை விற்க முடியாமல் நாங்களே விரித்துப் படுத்துக்கொள்கிறோம். உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பெஞ்சை முட்டிய மறுநாளிலிருந்து தெருமுனையில் அவர் 'இழு' என்று சொல்லவில்லை, ஒற்றை விரலால் திருப்பினார், வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வேலைக்கு மாமாவைப் போன் போட்டு வரவழைத்ததே நான், ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, இத்தனை வருஷம் பார்த்த வேலையிலிருந்து நிறுத்திவிட்டது போல. நான் இல்லாமலே வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவரிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் வெட்கக்கேடு. நேற்று மாலை திரும்பி வரும்போது அதே திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கி, ரோட்டைப் பார்த்தபடியே 'இழு' என்றார். நான் சாய்ந்து ஸ்டீயரிங் மேல் கையை வைத்தேன், இழுக்கவில்லை, சும்மா வைத்திருந்தேன். வண்டி திரும்பியது.

நீ வரும்போது நடுவில் உட்காரலாம், குனியத் தேவையில்லை. மாமாவுக்கு ஒரு போன் செய், நீ கேட்டால் சிரிப்பாய் என்று கூச்சப்படுகிறான், இடது வலது பேச்சை மட்டும் எடுக்காதே. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையையும் போகவிடாதே. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டுகிறாய், நடுநடுவே மணிக்கட்டைச் சுழற்று, வீங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் எந்தத் திருப்பத்திலும் தனித்தனியாக மல்லுக்கட்டாமல் சேர்ந்தே திரும்பி, நிறைந்த மனதோடு நூறாண்டு இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

உன் முகத்தை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

இதற்குக் கீழே உன் அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறார்.

சிட்டு, அம்மா எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது. மற்ற இடமெல்லாம் லேசுதான். தெருமுனையில் மட்டும் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது, உன் அம்மா கை வைத்தால்தான் திரும்பும். மாமாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லாதே, அது அப்படியே இருக்கட்டும்.
அப்பா