ஏழு நிமிடம்

டுலூத்
மார்ச் 9

அன்புள்ள சிக்ரிட்டுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், வெலிங்டனில் நீயும் இளைப்புத் தொந்தரவு இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, காருக்கு வழிவிட முன்வாசலில் தினமும் பனி தள்ள வேண்டியிருக்கிறது. போன வாரம் போனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். அக்டோபரில் ஐலா மாக்கி என்று ஒருத்தி வந்தாள். முப்பத்தெட்டு வயது, பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. பேச்சு வராது, ஆனால் புத்தி படுகூர்மை. மடியில் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள். தனி வீட்டில் இருக்கிறாள், உதவிக்கு இருவேளையும் ஆள் வரும். கோடையில் ஒருநாள் ஆள் வரவில்லை, குளியலறையில் விழுந்து பதினோரு மணி நேரம் தரையில் கிடந்திருக்கிறாள். போய்ப் பார்த்துத் தூக்கியவன் அண்ணன் ஆர்வோ. அன்றைக்குப் பிடித்த பயம், தன்னை அவளுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆக்க வேண்டும், பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டான். கெட்டவன் இல்லை, பதினைந்து வருஷமாக சனிக்கிழமை தவறாமல் வந்து சாமான் வாங்கிவைத்து, அவளுக்குத் தலை அலசிவிட்டுப் போகிறவன்.

அவள் பக்கம் வாதாட நான் ஒத்துக்கொண்டேன். வக்கீல் என்றாலும் பத்திரமும் உயிலும் எழுதியே காலத்தை ஓட்டியவள், கோர்ட்டில் நின்று பழக்கமில்லை. முதல் விசாரணையில் நீதிபதி ஐலாவிடம், மறுபடியும் விழுந்தா என்னம்மா செய்வீங்க என்று நிதானமாகத்தான் கேட்டார். அவள் விரல் நடுங்கிக்கொண்டே பலகைக்குப் போயிற்று. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் பொறுக்கவில்லை, கழுத்துல அவசர பட்டன் மாட்டியிருக்காங்க ஐயா என்று நானே சொல்லிவிட்டேன். உடனே ஆர்வோவின் வக்கீல் எழுந்து, பாருங்க, இவங்க பதில் சொல்வாங்கன்னு சொந்த வக்கீலுக்கே நம்பிக்கையில்ல என்றார். விசாரணை ஆறு வாரம் தள்ளிப்போயிற்று. வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். ஐலா பலகையில், நான் சொல்ல இருந்தது வேற என்று காட்டினாள். என்ன என்று கேட்டதற்கு, அங்கயே சொல்றேன், நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும் என்றாள்.

அடுத்த முறையும் அதே கேள்வி. ஏழு நிமிடம் ஆயிற்று, சிக்ரிட். மேஜைக்கடியில் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காட்டக் காட்ட கோர்ட் எழுத்தர் எழுதி வாசித்தார். விழுவேன். நீங்களும் ஒருநாள் விழுவீங்க. என் வீட்டுலயே விழறேன். அவ்வளவுதான். மனு தள்ளுபடியானது. ஆர்வோ அவள் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. சாமான் நான் வாங்கிக் கொடுக்கிறேன், சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொள்கிறாள், ஆனால் சனிக்கிழமை கார் சத்தம் கேட்டால் தலை ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. போன வாரம் என்னை உட்காரவைத்து அவனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள், ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நாலு சனிக்கிழமையா தலை நாறுதுடா, கோபத்தை அப்புறம் வச்சுக்க, வந்து தொலை என்பதுதான் விஷயம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடி படித்தான், இது அவ சொன்னதா, நீங்க எழுதினதா என்று கேட்டான். ஒவ்வோர் எழுத்தும் அவள் தொட்டது என்றேன். என் முகத்தையே பார்த்துவிட்டு, கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான். அவன் கேட்டதில் என்ன தப்பு, அந்தச் சந்தேகத்தைக் கோர்ட்டில் எல்லார் முன்னாலும் கிளப்பியவளே நான்தானே. நேற்றைய சனிக்கிழமையும் அவன் வரவில்லை. ஜெயித்த கேஸ் இப்படிக் கனக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்ஹேலரைக் கைப்பையிலேயே வைத்திரு, குளிர்காற்றில் நடக்காதே. இன்னொன்று. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு தடுமாறுகிற அப்பாவிடம் நீ எது கேட்டாலும் நான்தான் போனைப் பிடுங்கிப் பதில் சொல்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவரிடமே கேள், எவ்வளவு நேரமானாலும் லைனைத் துண்டித்துவிடாதே. நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன்.

எப்போதும் நன்றாக இருப்பாய், கண்ணே.

உன் அம்மா,
மார்கிட்