தப்பைக் காட்டும் பிள்ளை

ஜூன் 9, திங்கள்

டென்னிஸ் வலையைக் கட்டி முடிப்பதற்குள் பாதிப் பந்து சாக்கடையில். இரண்டாம் வகுப்பு. மட்டையைக் கொடுத்தால் ஒருத்தன் கிட்டார் வாசிக்கிறான், ஒருத்தி அதைத் தலையில் வைத்து வெயிலை மறைக்கிறாள். "பந்தைப் பாருங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பந்தைத் தவிர மற்றதெல்லாம் பார்க்கிறார்கள்.

என் மகள் பட்டுவும் இதே வகுப்புதான். மைதானத்தில் நான் அவளுக்கு மிஸ், அவ்வளவுதான். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஜூன் 11, புதன்

மணிக்கட்டை மடக்கி அடித்த ஒரு சிறுமியை முன்னால் நிறுத்தி, இப்படி அடிக்கக் கூடாது என்று காட்டினேன். சாயங்காலமே அவள் அம்மா வந்து நின்றாள். "என் பொண்ணை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டீங்க." தலைமையாசிரியையும் என்னைத்தான் கடிந்துகொண்டார். ஆகட்டும். இனிமேல் தப்பைக் காட்டப் பட்டுவைக் கூப்பிடுகிறேன். அவளுக்காக யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்?

ஜூன் 18, புதன்

நல்ல ஏற்பாடு. "பட்டு, இங்க வா. மட்டையை எப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு காட்டு." வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கிறது, கவனிக்கவும் செய்கிறது.

ஜூன் 25, புதன்

மற்ற பிள்ளைகள் தேறிவிட்டார்கள். இவள் மட்டும் நாளுக்கு நாள் மோசம். பந்து தாண்டிப்போன பிறகு மட்டையை வீசுகிறாள். டென்னிஸ் மிஸ்ஸின் மகள் — மானம் போகிறது. "சின்னப் பிள்ளைதானே, விடு" என்கிறார் என் வீட்டுக்காரர். எதற்கெடுத்தாலும் இவருக்கு ஒரு 'விடு'.

ஜூலை 3, வியாழன்

இன்று பொறுமை போய்விட்டது. "ஏன்டி, உனக்கு அறிவே இல்லையா? எத்தனை தடவை சொல்றது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள்.

"தப்பா அடிக்கத்தானே மிஸ் என்னைக் கூப்பிடுவீங்க?"

சொன்னதைத்தானே செய்திருக்கிறது இந்தப் பிள்ளை. அதுவும் எவ்வளவு கவனமாக.

ஜூலை 4, வெள்ளி

தப்பைக் காட்ட நானே நின்றேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பட்டு மட்டும் வரவில்லை. அப்பாவிடம் சொல்லி, இதே நேரத்தில் நடக்கும் ஓவிய வகுப்புக்கு மாறிவிட்டாள். என்னிடம் கேட்கக்கூட இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

பட்டு பழைய மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கச் சுவருக்குப் போனாள். நானும் எழுந்தேன்.

"நீ வராதம்மா. நீ பார்த்தா எனக்குத் தப்பாதான் வரும்."

சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பந்து சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் நான் போகவில்லை.