யாருக்குச் சொன்ன வசனம்?

பிப்ரவரி 6, வியாழன்

முழங்கால் வலி. ஒத்திகைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்திரை மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? இந்த வருடம் தம்பி மலக்கிக்குத்தான் பெரிய வேடம். குத்தகை கட்ட முடியாமல் துரத்தப்பட்ட விதவை ஊனாவின் நிலத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் ஹ்யூபர்ட். ஊரே அவனை ஒதுக்கிவைக்கும்.

பொருத்தமான ஆள்தான். அம்மாவை நான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டை, அம்மா இறந்த மாதமே டப்ளின்காரர்களுக்கு விற்றவனுக்கு நடிப்பு வேறு எதற்கு? நான் மருந்துக்கடை மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அதிலிருந்து அவனோடு நான் பேசுவது அவன் வசனத்தை மறக்கும்போது மட்டும்தான்.

பிப்ரவரி 22, சனி

ஊர் மண்டபத்தில் முதல் காட்சி. முடிவில் ஹ்யூபர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஊனா ஒண்டியிருக்கும் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டு நிற்க, முன்வரிசையில் மிஸஸ் கெவ்லின் வாய்விட்டே சொன்னாள்: "அடப் பாவமே, அவனைப் பாரேன்!" மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சல். ஊனா மழையில் நின்றபோது ஒரு கண்ணும் நனையவில்லையே!

செய்தது பாவம். செய்தவனும் பாவமா? நல்லா இருக்கு உங்க நியாயம்.

பிப்ரவரி 23

தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆளாளுக்கு அவன் கையைக் குலுக்கினார்கள். "நீயும் நாடகத்துக்கு வந்திருந்தியா?" என்று என்னிடம் கேட்டாள் ஒருத்தி.

மார்ச் 8, சனி

நாடகப் போட்டி. வாசல் காட்சி. "உனக்கு நான் செஞ்சது அநியாயம், ஊனா" — அதுதான் அவன் சொல்ல வேண்டியது. சொல்லவில்லை. இடது காதைத் தடவினான். சின்ன வயதிலிருந்தே மறதி வந்தால் அப்படித்தான். என் மூலையைப் பார்த்தான்.

வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் அவமானப்படட்டும் என்றுதான்.

கடைசியில் அவனே எப்படியோ நினைவுக்குக் கொண்டுவந்து சொல்லிவிட்டான். விசும்பல், கைதட்டல். வழக்கம்போல நடுவர் மேடையேறித் தீர்ப்புச் சொன்னார்: "அந்த மௌனம்! மன்னிப்புக் கேக்க ஒரு மனுஷன் என்ன பாடுபடுறான்!" முதல் பரிசு. நான் தோண்டிய குழியிலிருந்து அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் திரும்பும் வேன் அருகே என்னிடம் வந்தான். "எடுத்துக் குடுப்பேன்னு காத்துக்கிட்டு நின்னேன்க்கா."

"நானும்தான்டா காத்துக்கிட்டு இருக்கேன். எத்தனை வருஷமா."

அவன் முகம் — சே. ஏன் சொன்னேன்?

மார்ச் 9

சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, என்றைக்கோ சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 12

ஒத்திகை. இயக்குநர் பெர்ட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "அந்த மௌனத்த அப்படியே வெச்சுக்க மலக்கி. அட்ராக்டா, நீ தப்பித்தவறி வாயத் தொறந்துடாத தாயே!" எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 22, சனி

அடுத்த போட்டி. இன்று ஜெயித்திருந்தால் அகில அயர்லாந்து இறுதிச்சுற்று.

மௌனம் வந்தது. மலக்கி ஊனாவை விட்டுவிட்டு என் மூலைக்குத் திரும்பினான். மேடைக் குரல் இல்லை, அம்மாவின் சமையலறையில் பேசும் குரல்: "உனக்கு நான் செஞ்சது அநியாயம்." ஊனா என்ற பேரைச் சொல்லவே இல்லை.

நடுவர் விடவில்லை. "நாடகத்தோட உயிரே அந்த வசனம்தான். அத இருட்டைப் பார்த்து முணுமுணுத்துட்டாரே! யாருக்குக் கேட்டுச்சு?" இரண்டாம் இடம்.

தேநீர் அறையில் பெர்ட்டி குதித்தான். "என்ன எழவுடா அது? யாருகிட்டடா சொன்ன?" மலக்கி கையிலிருந்த சாண்ட்விச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். என்கிட்டதான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாயை மூடுவதே என் பிழைப்பாகிவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து ஒருவரும் அவன் பக்கம் போகவில்லை. கோயில் சுவரோரம் காதைத் தடவிக்கொண்டு தனியாக நின்றான். போன வீடு போனதுதான். அம்மா வைத்த வேலிச்செடியைக்கூட வெட்டிவிட்டார்களாம். மன்னித்துவிட்டேனா? தெரியாது. ஆனால் வாயில் தானாக வந்துவிட்டது: "பாவம்."

"யாரு?" என்று திரும்பினாள் மிஸஸ் கெவ்லின்.

அவனிடம் போனேன். நாடகத்தில் ஊனா பதிலே சொல்லாமல் கதவைச் சாத்திவிடுவாள். எடுத்துக் கொடுக்க எனக்கு வசனம் எதுவும் இல்லை.

"கேட்டுச்சுடா," என்றேன்.