மஞ்சளாக எரிந்த சுடர்

என் வாயாடிக்கு,

வேலை கிடைத்த ஊருக்கு நீ பஸ் ஏறியபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் வகுப்புக்கு ஓடிவிட்டேன், அம்மா ஒரு கல்நெஞ்சக்காரி என்று அத்தையிடம் போனில் மூக்கால் அழுதாயாமே. அதை விடு. அன்று வகுப்பில் நடந்ததைக் கேள்.

நாற்பத்தாறு வயதில் கல்லூரிக்குப் போகும் எனக்கு, முதன்முதலாக ஆய்வகத்தில் தனி பர்னர் கொடுத்தார்கள். கம்பியைப் பொட்டாசியம் உப்பில் தொட்டுத் தீயில் காட்டினால் சுடர் ஊதாவாக எரிய வேண்டும். எனக்கோ பளிச்சென்று மஞ்சள்.

ஆசிரியை வந்து பார்த்தார். "கம்பியில கை வச்சீங்களாம்மா? இது சோடியம். துளி ஒட்டினாலும் ஊதாவை முழுங்கிடும்."

நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். அதன் அணுவில் உள்கூட்டில் இரண்டு எலக்ட்ரான், அடுத்ததில் எட்டு, வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று. சூடு பட்டதும் அந்த ஒற்றை எலக்ட்ரான் மேலே தாவிவிடும். ஆனால் அங்கே தங்காது. தன் இடத்துக்குத் திரும்பி வரும்போதுதான் அந்த மஞ்சள் வெளிச்சம். உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் அடுப்பு மஞ்சளாகுமே, அதுவும் இதே கூத்துதான். இத்தனை வருஷமாக என் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை, போ.

"கை கழுவலையா?" என்று கேட்டார்.

"கழுவினேன் மேடம். அப்புறம் முகத்தைத் துடைச்சேன்."

"அப்போ வேர்வைதான். அதுலயும் உப்பு இருக்கே."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். குளிருக்கு அன்று உன் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன்.

இப்படிக்கு,
கல்நெஞ்சக்காரி