பூசையில் கேட்ட பிஸ்கட்

சேசு மரி சூசை துணை

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே ஐந்து பேரும் மூச்சும் பேச்சுமாக நன்றாக இருக்கிறோம், பேச்சு கொஞ்சம் அதிகம், அதற்கு உன் பிள்ளைகள்தான் காரணம். என் முட்டிவலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, அதனால் நான் படியே ஏறுவதில்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று அவரே சொல்கிறார், அது எவ்வளவு உண்மை என்று கீழே வரும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடு, லிஃப்ட் மாட்டும்போது கீழே குனிந்து எட்டிப் பார்க்காதே, எட்டிப் பார்க்கிற வேலையை உன்னைவிட ஒல்லியானவன் பார்க்கட்டும்.

போன மாதம் நீ போனில் ஒரு உத்தரவு போட்டாய். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வரைக்கும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா, ஊர் முன்னாடி மானம் போகுது என்றாய். உன் மனைவி அழுத அழுகையைக் கேட்டுவிட்டு நீ அப்படிச் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் உன்னிடம் சொன்னது பாதிக் கதை, மீதிக் கதை என்னிடம் இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தால் திட்டு.

பெரியவனுக்கு உன் அப்பா வக்கீல் என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும். நாலு வயதில் அவன் கேட்கிற கேள்விக்குக் கோர்ட்டே எழுந்து போய்விடும். பிரசங்கம் நடக்கும்போது இவரு யாரைத் திட்டுறாரு பாட்டி, நம்மளையா என்று சத்தமாகக் கேட்பான். சின்னவள் நம் பூனை, பெஞ்சுக்கு அடியில் நுழைந்தால் நாலு பெஞ்சு தள்ளி யாருடைய காலுக்கு நடுவிலாவது தலையை நீட்டுவாள். நீ ஆசையாக வாங்கி அனுப்பினாயே, அடி வைத்தால் பீப்பீ என்று கத்துகிற ஷூ, அதைப் போட்டுக்கொண்டு நற்கருணை வாங்கும் வரிசையில் அவள் வந்தால் ரோட்டில் ஆட்டோ வருகிற மாதிரி எல்லாரும் ஒதுங்குவார்கள். நமக்கு முன் பெஞ்சு மருந்துக்கடைக்காரம்மா மட்டும் ஒதுங்க மாட்டார்கள், திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள். மாத்திரை இல்லாமலே தலைவலி வரும்.

சரி, நானே இதுகளைப் பழக்குகிறேன் என்று துணிந்தேன். உன் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போன பிறகு அடுப்படியில் முக்காலியைப் போட்டு அதைப் பீடமாக்கினேன், ஒரு டம்ளரை மேலே வைத்தேன், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் அதுதான் மணி. சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது கோயிலில் மணி அடிக்குமில்லையா, அந்த நேரம் ஈ பறந்தாலும் கேட்கும், அந்த ஒரு நேரமாவது இதுகள் வாயை மூடட்டும் என்பதுதான் என் எண்ணம். மணி அடித்ததும் வாயைப் பொத்தி இருபது எண்ணும்வரை இருந்தால் ஆளுக்கு ஒரு பிஸ்கட். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சபையாக இருந்தார். இரண்டாம் நாளே, நானும் வாயை மூடிக்கிட்டுதானே இருக்கேன், எனக்குக் கிடையாதா என்று கேட்டார். சர்க்கரைக்காரராச்சே என்று பாதி கொடுத்தேன். இது உன் மனைவிக்கு அப்போது தெரியாது. பத்து நாளில் உன் பிள்ளைகள் சிலை மாதிரி ஆகிவிட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை, டீச்சராகியிருக்க வேண்டியவள் நான், ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களே என்று உன் அப்பாவிடம் நாலு தடவை சொன்னேன்.

அந்த ஞாயிறு வந்தது. சாமியார் அப்பத்தைத் தூக்கினார், மணி அடித்தது. இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டன. நான் நிமிர்ந்து உட்கார்ந்து பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தேன், பார்க்கட்டும் என்று. இருபது எண்ணி முடித்ததும் வக்கீல் பெஞ்சு மேல் ஏறி நின்று கையை நீட்டி, பாட்டி, மூணு தடவை மணி அடிச்சுச்சு, மூணு பிஸ்கட் குடு என்று அந்த அமைதியில் கேட்டான். வீட்டில் நான் ஒரு தடவைதான் தட்டுவேன், கோயிலில் மூன்று தடவை அடிப்பார்கள், ஐம்பது வருடமாகக் கேட்கிற மணியை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நாலு வயசுப் பையன் எண்ணிவிட்டான். உடனே பூனையும் கையை நீட்டிக்கொண்டு பிக்கட்டு பிக்கட்டு என்று ஆரம்பித்தாள்.

மருந்துக்கடைக்காரம்மா திரும்பினார்கள். என்னைப் பார்க்கவில்லை, உன் மனைவியைப் பார்த்து, தீனி காட்டியா பிள்ளைங்களைக் கோயிலுக்கு இழுத்துட்டு வர்றே, நல்லா வளர்க்கிறே போ என்றார்கள். அவள் முகம் செத்துவிட்டது. அவளுக்கு பிஸ்கட் விஷயம் ஒன்றுமே தெரியாது. நான் என்ன செய்திருக்க வேண்டும், அது என் வேலைம்மா என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நானோ பீடத்தில் இருக்கிற மாதா சுரூபம் மாதிரி கண்ணை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் பூசை முடியும்வரை சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நின்றாள். வீட்டுக்கு வந்து, இனிமே நான் வரலைங்க அத்தை, நீங்களும் மாமாவும் போயிட்டு வாங்க என்றாள்.

மூன்று ஞாயிறு நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டும் போனோம். உன் பிள்ளைகள் இல்லாத பெஞ்சு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பாட்டு இல்லை. வாரம் ஆறு நாள் அந்த நீராவியில் போர்வை பிழிகிறவள் வாய் திறந்து பாடுகிறது அந்த ஒரு மணி நேரம்தான், நீ போன பிறகு அவள் வீட்டில் ஒரு வரி முணுமுணுத்தும் நான் கேட்டதில்லை. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது சாமியாருக்குத்தான், எனக்கு இல்லை, அதனால் எழுதுகிறேன். முக்காலி, தட்டு, கரண்டி, பிஸ்கட், சுரூபம் மாதிரி உட்கார்ந்தது எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் இருமுகிற மாதிரி கேட்டது, அது இருமல் இல்லை. கடைசியில், மருமகள்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லுங்க, நாளைக்குப் பிள்ளைங்களோட முன் பெஞ்சுல உட்காருங்க, அதுங்க சத்தம் இல்லாம என் பிரசங்கத்துக்கு எனக்கே தூக்கம் வருதும்மா என்றார்.

மந்திரம் சொல்வது சுலபமாக இருந்தது. மருமகளிடம் சொல்வதற்குத்தான் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஏழு நடை நடந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமலே, தெரியும் அத்தை, நான் தட்டு கழுவி வச்சா சத்தம் கேட்டு பூனை வாயைப் பொத்திக்கிறாளே, பிஸ்கட் டப்பாவும் காலி என்றாள். அடிப்பாவி, தெரிஞ்சும் ஏன்டி கேட்கலை என்றேன். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன் என்றாள். மூணு வாரமா என்றேன். ஆமா, நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன் என்றாள். வக்கீல் யாரிடமிருந்து வந்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உன் உத்தரவை மீறி மறுநாள் எல்லாரும் போனோம். பூனையின் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வக்கீலிடம், பிஸ்கட் வீட்டுக்கு வந்துதான், அதுவும் ஒன்றே ஒன்று என்றேன், பேசிப் பேசி இரண்டில் நின்றான். முன் பெஞ்சில் உட்கார்ந்தோம், மருந்துக்கடைக்காரம்மா பக்கத்துப் பெஞ்சு. உன் மனைவி தலை குனிந்தபடியே இருந்தாள், ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது. வக்கீல் வாயை மூடிக்கொண்டு மூன்று விரலை மட்டும் எனக்குக் காட்டினான். பூனை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலில் அப்படி ஒரு அமைதி. அப்போது, பிரசங்கத்திலிருந்தே தூங்கிக்கொண்டிருந்த உன் அப்பா மணிச்சத்தத்தில் விழித்து, கண்ணைத் திறக்காமலே என் பக்கம் கையை நீட்டி, என் பாதி எங்கே என்றார். காது மந்தமானவர் மெதுவாகவா பேசுவார், கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். வக்கீல் உதட்டில் விரலை வைத்து, ஷ், தாத்தா, சாமி வர்ற நேரம் என்றான்.

மருந்துக்கடைக்காரம்மா திரும்பினார்கள். இந்தத் தடவை நான் எழுந்து, அது நான் பழக்கினதும்மா, அன்னைக்கும் நான்தான், இவ மேல தப்பில்லை என்றேன். அவர்கள் என்னை விட்டுவிட்டு உன் அப்பாவைப் பார்த்தார்கள், எதுல பாதி, நான்தானே உங்களுக்கு சர்க்கரை மாத்திரை குடுக்கிறேன், நாளைக்குக் கடைக்கு வாங்க, ரத்தம் பார்க்கணும் என்றார்கள், சொல்லும்போதே அவர்கள் தோள் குலுங்கியது. உன் மனைவி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள், அழுகிறாளோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அந்தம்மா முதலில் அவளுக்குத்தான் கை கூப்பினார்கள். கடைசிப் பாட்டை அவள் பாடினாள் பாரடா, நீ அங்கே லிஃப்டில் எந்த மாடியில் இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும்.

மூன்று வயதில் தீர்த்தத் தொட்டியில் பொம்மை லாரியைக் கழுவினவன் நீ. அன்றைக்கு யாரும் உன்னை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, பழைய சாமியார் அந்த லாரியை மந்திரித்து உன் கையிலேயே கொடுத்தார். அதனால் உன் உத்தரவைத் திருப்பி அனுப்புகிறேன். இனி யாரையாவது வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் உன் அப்பாவைத்தான் விட வேண்டும். ரத்தம் பார்த்ததில் அவர் சர்க்கரை எங்கேயோ நிற்கிறது, பிஸ்கட் டப்பா இப்போது உன் மனைவியின் பெட்டியில் பூட்டில் இருக்கிறது.

மாதா உன்னை எந்த உயரத்திலும் தாங்கிப் பிடிக்கட்டும், உன் கையும் காலும் வேலையும் நன்றாக இருக்கட்டும். சத்தம் போடுகிற ஷூ இனி வாங்காதே. இன்னொன்று, உன் பக்கத்துக் கோயிலில் மணி எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்று வக்கீல் கேட்கச் சொன்னான். எண்ணிப் பார்த்து எழுது. வெளியே நின்றால் சரியாகக் கேட்காது, உள்ளே போய் உட்கார்ந்து எண்ணு.

இப்படிக்கு,
முன் பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருக்கும்
உன் அம்மா